வெளியே வரும் நீர் தெளிவு, ஆறு மட்டும் ஏன் பச்சை?

கேள்வி இதுதான்: காவிரி டெல்டாவில் ஒரு கிளையாற்றங்கரைப் பேரூராட்சி. சுமார் 10,000 பேர். நாளுக்கு 10 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. வெளியே வரும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, ஆய்வறிக்கையும் பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைப் பாக்டீரியா செரிக்கக் கேட்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு மி.கி. கணக்கில்) 18 என்கிறது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நிலையத்துக்குக் கீழே ஆறு பச்சை பிடிக்கிறது, விடியற்காலையில் கெண்டை செத்து மிதக்கிறது. அறிக்கை பொய்யா, நிலையம் ஓடவில்லையா?

அறிக்கை உண்மையாகவும் நிலையம் ஒழுங்காகவும் இருந்தாலும் இப்படி நடக்கும். பொய்யாக இருந்தாலும் நடக்கும். எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதற்கு முன் ஆற்றின் கணக்கைப் போட்டுவிடலாம்.

நாளுக்கு 10 லட்சம் லிட்டர் என்றால் விநாடிக்கு 11.6 லிட்டர். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. திறந்திருக்கும் காலத்தில் உங்கள் கிளையாற்றில் 70 கன அடி ஓடுகிறது என்று வையுங்கள், விநாடிக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர். ஆற்று நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 2 மி.கி., நிலையத்து நீரின் பி.ஓ.டி. 20 என்றால், இரண்டும் கலந்தபின் 2.1 வரும். ஆற்றுக்கு அது உறைக்கவே உறைக்காது. மே மாதம் அதே ஆற்றில் கசிவுநீரும் வயல் வடிகாலும் சேர்ந்து ஒரு கன அடிதான் ஓடுகிறது, அதாவது 28 லிட்டர். அதே 20 இப்போது கலந்தபின் 7.2 ஆகிறது. குளிப்பதற்கேற்ற நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 3. நிலையம் இன்னும் நன்றாக உழைத்து 10 மி.கி.யில் விட்டாலும் 4.3-க்குக் கீழே இறங்காது. மேலிருந்து ஓட்டமே இல்லாத வாரங்களில் ஆறு என்று நீங்கள் பார்ப்பது முழுக்க நிலையத்து நீரைத்தான்.

வெயில் இதோடு கூட்டுச் சேர்கிறது. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9.1 மி.கி. ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் கீழே. கழிவைத் தின்னும் பாக்டீரியாவோ சூட்டில் இன்னும் வேகமாகத் தின்கிறது. வரவு குறைந்து செலவு கூடும் மாதம் அது.

ஆனால் மீனைக் கொன்றது பெரும்பாலும் அந்த 18 அல்ல. அறிக்கையில் இல்லாத எண் ஒன்று இருக்கிறது: அமோனியா.

2017 அக்டோபரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கழிவுநீர் நிலைய விதிகளில் பி.எச். (அமில-கார அளவு), பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி ஆகிய நான்குக்குத்தான் வரம்பு உண்டு. பெருநகரம் அல்லாத ஊருக்கு பி.ஓ.டி. 30 வரை போகலாம். அமோனியா பற்றி ஒரு வரியும் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30-ல் பிறப்பித்த உத்தரவுதான் பி.ஓ.டி.யை 10-க்கும் மொத்த நைட்ரஜனை 10-க்கும் இறக்கச் சொன்னது. உங்கள் நிலையத்துக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய எண் இருந்தால், ஆபரேட்டர் அமோனியாவை அளக்காமலே காலத்தை ஓட்டிவிடலாம்.

ஒரு மில்லிகிராம் அமோனியா-நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 மி.கி. ஆக்சிஜன் வேண்டும். நிலையத்திலிருந்து வரும் தெளிந்த நீரில் 20 மி.கி. அமோனியா-நைட்ரஜன் இருந்தால், அது ஆற்றிலிருந்து உறிஞ்சப்போவது லிட்டருக்கு 91 மி.கி. ஆக்சிஜன். பி.ஓ.டி. 18 முழுமையாகச் செரிக்கக் கேட்பது 27 அளவுதான். ஆகப் பெரிய கடன் அறிக்கைக்கு வெளியே நிற்கிறது. நம் நாட்டில் பி.ஓ.டி. சோதனை 27 டிகிரியில் 3 நாள் நடக்கும். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா மெதுவாக வளர்வது. மாதிரியில் அது குறைவாக இருந்தால் அந்த 3 நாளில் கணக்கில் வராது. ஆற்றில் நாலைந்து நாள் பயணத்தில் வந்து சேரும்.

அமோனியா நேரடி விஷமும்கூட. தண்ணீரில் அது இரண்டு உருவில் இருக்கிறது, கொல்வது அயனியாகாத தனி அமோனியா. அதன் பங்கு பி.எச். சார்ந்தது. மே மாதக் கலவையில் அமோனியா-நைட்ரஜன் 5.8 மி.கி. என்று வையுங்கள். 30 டிகிரியில் பி.எச். 7.2 என்றால் தனி அமோனியா 0.07 மி.கி. மட்டுமே. அதே நீரில் பாசி பிடித்து, பிற்பகல் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சி பி.எச்.சை 9-க்கு ஏற்றினால் 2.6 மி.கி. மீன்வளத்துக்கான டி வகை நீருக்கு வரம்பு 1.2. காலையில் ஒன்றும் செய்யாத அதே அளவு அமோனியா மாலை மூன்று மணிக்கு நஞ்சாகிறது.

அந்தப் பாசியை வளர்ப்பது பாஸ்பரஸ். சாதாரண நிலையம் அதைப் பெரிதாக எடுக்காது. உள்ளே 6 வந்தால் வெளியே 4, 5 போகும். தேங்கிய ஆற்றில் லிட்டருக்கு 0.1 மி.கி.க்குக் குறைவாக இருந்தாலே பாசிக்குப் போதும். பகலில் பாசி ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும், இரவெல்லாம் அதுவே திருப்பித் தின்னும். ஆகக் குறைந்த நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்.

இதை வைத்து மீன் சாவையே ஒரு சோதனையாக வாசிக்கலாம். விடியற்காலையில் கெண்டைகள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறிச் செத்து, அதே மடுவில் விரால் பிழைத்திருந்தால் ஆக்சிஜன் குறைவு. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். பிற்பகலில் வகை வித்தியாசமின்றிச் சாவு என்றால் அமோனியாவைச் சந்தேகியுங்கள். நிலையத்துக் குழாய்க்கு நேர் கீழே ஒரு சின்ன நீளத்தில் மட்டும், குஞ்சுமீன் முதலாகச் சாவு என்றால் குளோரின்.

குளோரினைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிவுநீரில் மலக்கிருமி 100 மி.லி.க்குக் கோடிக் கணக்கில் வரும். உயிரியல் சுத்திகரிப்பு அதில் 90 முதல் 99 விழுக்காடு குறைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கோடியில் 99 விழுக்காடு போனாலும் மிச்சம் ஒரு லட்சம். குளிக்கும் நீருக்கு உச்ச வரம்பு 2,500. எனவே தெளிந்த நீர் என்பதற்காக அதில் இறங்கிக் குளிக்க முடியாது, கிருமிநீக்கம் கட்டாயம். லிட்டருக்கு 5 மி.கி. குளோரின், 30 நிமிடத் தொடர்பு என்பது வழக்கம். 10 லட்சம் லிட்டருக்கு 5 கிலோ குளோரின், 30 விழுக்காட்டு பிளீச்சிங் பவுடராக நாளுக்கு 17 கிலோ. தொடர்புத் தொட்டி சராசரி ஓட்டத்துக்கே 21,000 லிட்டர் வேண்டும். ஈரம்பட்டுப் பழசான பவுடரில் பாதி வீரியம் போயிருக்கும். மூட்டைக் கணக்கு சரியாக இருந்தும் கிருமி சாகாததற்கு இதுவே பல இடங்களில் காரணம்.

அமோனியா நிறைய இருக்கும் நீரில் போட்ட குளோரின் குளோரமைனாகிவிடும். கிருமியை அது மெதுவாகத்தான் கொல்லும், மீனுக்கோ கடும் நஞ்சு. மொத்தக் குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.02 மி.கி. அளவிலேயே மீனைத் தாக்கும். சாதாரணக் குளோரின் சோதனைப் பெட்டியில் அந்த அளவு தெரியவே தெரியாது. ஆற்றில் விடுமுன் ஒரு மி.கி. குளோரினுக்கு ஒன்றரை மி.கி. வீதம் சோடியம் பைசல்ஃபைட் கலந்து முறிக்க வேண்டும். சின்ன நிலையங்களில் இந்தத் தொட்டி வரைபடத்தோடு நின்றுவிடும். இன்னொன்று: குளோரின் மிச்சமுள்ள மாதிரியை முறிக்காமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் பி.ஓ.டி. பொய்யாகக் குறைந்து வரும், ஏனென்றால் சோதனைப் புட்டியிலேயே பாக்டீரியா செத்துவிடும். மாதிரியை எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேட்பது அற்பக் கேள்வி அல்ல.

சரி, நிலையத்துக்குள் அமோனியா ஏன் போகவில்லை? இந்த அளவு ஊர்களில் பொதுவாக இருப்பது நீண்ட காற்றூட்ட முறை. கம்பிச் சல்லடை, மணல் தொட்டி, சமன்படுத்தும் தொட்டி, ஏறக்குறைய ஒரு நாள் நீரைத் தாங்கும், காற்றூட்டும் தொட்டியான ஏரேஷன் டேங்க், 9 மீட்டர் விட்டத்தில் நீரைத் தெளியவிடும் ஒரு கிளாரிஃபையர், அதன் அடியில் படியும் ஸ்லட்ஜை, அதாவது பாக்டீரியாக் கசடை, ஏரேஷன் டேங்குக்கே திருப்பி அனுப்பும் பம்ப். ஸ்லட்ஜின் சராசரி வயது 20 நாளுக்கு மேல் இருக்கும்படி ஓட்டுவார்கள். நம் சூட்டில் அமோனியா பாக்டீரியாவுக்கு இது தாராளம். அதற்குத் தேவை காற்று. நாளுக்கு 250 கிலோ பி.ஓ.டி. வருகிறது, அதற்குச் சுமார் 300 கிலோ ஆக்சிஜன். 30 கிலோ அமோனியா-நைட்ரஜனுக்கு இன்னொரு 137 கிலோ. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் காற்றை ஊதும் புளோவரை நிறுத்தினால் முதலில் வெட்டு விழுவது இந்த 137-க்கு. பி.ஓ.டி. தின்னும் பாக்டீரியா எப்படியோ தன் பங்கை எடுத்துக்கொள்ளும், நீரும் தெளிவாகவே வரும், அறிக்கையும் தேறும். அமோனியா மட்டும் வந்தபடி வெளியே போகும். இந்தப் பாக்டீரியா ஒரு முறை அழிந்தால் மீண்டு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி. இருக்க வேண்டும். அதை மீட்டர் இல்லாமலும் ஓரளவு ஊகிக்கலாம். குமிழி பரப்பு முழுதும் பொடியாக, சமமாக எழ வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கொதிப்பது போலப் பொங்கினால் டிஃப்யூசரின் (காற்றைப் பொடிக் குமிழியாக விடும் கருவி) சவ்வு கிழிந்திருக்கிறது, மற்ற இடங்கள் பட்டினி. 4 மீட்டர் ஆழத் தொட்டிக்குப் புளோவர் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.45 கிலோ அளவில் நிற்கும். மாதங்கள் போகப்போக அது 0.55 நோக்கி ஏறினால் சவ்வு அடைபடுகிறது. தொட்டியின் நிறம் காப்பிப்பொடிப் பழுப்பாக, மண்வாசனையோடு இருந்தால் நலம். கறுத்து முட்டைநாற்றம் அடித்தால் காற்று போதவில்லை.

இன்னொரு தடை காரத்தன்மை. ஒரு மி.கி. அமோனியா-நைட்ரஜன் 7.14 மி.கி. காரத்தன்மையைத் தின்னும். 30 மி.கி.க்கு 214. உள்வரும் நீரில் அது இல்லாவிட்டால் பி.எச். 6.5-க்குக் கீழே சரிந்து வேலை பாதியில் நிற்கும். போர்வெல் நீர் புழங்கும் ஊர்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

இப்போது ஸ்லட்ஜ். ஒரு நிலையம் உண்மையில் ஓடுகிறதா என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், போன மாதம் எவ்வளவு ஸ்லட்ஜ் வெளியேற்றினீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். 250 கிலோ பி.ஓ.டி. தின்றால் நாளுக்கு 125 கிலோ அளவு உலர் ஸ்லட்ஜ் உண்டாகும். திருப்பும் குழாயில் அது லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் அடர்த்தியில் இருக்கும், ஆகவே தினம் 12,000 முதல் 15,000 லிட்டர் குழம்பை உலர்த்தும் படுகைக்கு அனுப்ப வேண்டும். 25 செ.மீ. ஆழம், பத்து நாள் சுழற்சி என்றால் படுகை 500 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கள் நிலையத்தில் ஸ்லட்ஜே வருவதில்லை என்று பெருமையாகச் சொன்னால், அது ஆற்றுக்குப் போகிறது என்று பொருள். வேறு வழியில்லை.

டெல்டாவில் இது கெடும் மாதம் தெரிந்ததே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, கூரையில்லாப் படுகை காயாது. ஆபரேட்டர் ஸ்லட்ஜ் எடுப்பதை நிறுத்துவார். ஏரேஷன் டேங்கில் அடர்த்தி லிட்டருக்கு 3.5 கிராமிலிருந்து 5, 6 என்று ஏறும். அந்த நேரம் பார்த்து ஒரு பேய்மழை. மேன்ஹோல் மூடி வழியாகவும் மொட்டைமாடிக் குழாய் வழியாகவும் மழைநீர் பாதாளச் சாக்கடையில் இறங்கி, உச்ச ஓட்டத்துக்கென்று கணக்கிட்ட மூன்று மடங்கையும் தாண்டும். கிளாரிஃபையர் தாங்காது, ஸ்லட்ஜ் விளிம்பு தாண்டி வழியும். ஓர் இரவில் ஒரு டன் போனால் அதில் 500 கிலோ பி.ஓ.டி., ஊரின் கழிவுநீரை இரண்டு நாள் அப்படியே ஆற்றில் விட்டதற்குச் சமம். மாதமொரு முறை, வெயில் நாளில், காலை பதினொரு மணிக்கு எடுக்கும் மாதிரியில் இது ஒருநாளும் சிக்காது. அப்போது ஆற்றில் வெள்ளம் இருப்பதால் மீன் சாகாது, ஆனால் அந்த ஸ்லட்ஜ் அடுத்த மதகின் அடியில் படிந்து, கோடையில் கறுஞ்சேறாகக் குமிழி விடும். மே மாதச் சாவுக்கு நவம்பர் ஸ்லட்ஜும் ஒரு காரணம். படுகைக்கு ஒளிபுகும் தகட்டுக் கூரை போட்டால் இந்தத் தொடரே அறுந்துவிடும். இவ்வளவு மலிவான வேலை இவ்வளவு அரிதாகச் செய்யப்படுவது எனக்குப் புரிவதில்லை.

ஸ்லட்ஜின் நலத்தைப் பார்க்க ஒரு லிட்டர் அளவுஜாடி போதும். ஏரேஷன் டேங்கிலிருந்து நிரப்பி அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். 3.5 கிராம் அடர்த்திக்கு 250 முதல் 350 மி.லி. வரை படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால் சரி. 600-ஐத் தாண்டியும் படியாமல் நின்றால் இழைப் பாக்டீரியா பெருத்திருக்கிறது: காற்றுக் குறைவு, எண்ணெய்ப் பசை, புளித்த கழிவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று. நன்றாகப் படிந்த ஸ்லட்ஜ் ஒரு மணி நேரத்துக்குப் பின் கட்டியாக மேலே எழும்பினால் கவலை வேண்டாம், நைட்ரேட் உண்டாகி அது நைட்ரஜன் வாயுவாகிறது, அமோனியா வேலை நடக்கிறது என்பதற்கே அது அடையாளம். கிளாரிஃபையரிலும் அது எழும்பினால் திருப்பும் பம்பைக் கொஞ்சம் கூட்டி ஓட்டச் சொல்லுங்கள்.

செப்டிக் டேங்க் லாரியை மறந்துவிடக் கூடாது. 5,000 லிட்டர் லாரியில் பி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மி.கி. என்றால் 25 கிலோ, ஒரு நாள் சுமையில் பத்தில் ஒரு பங்கு பத்தே நிமிடத்தில் இறங்குகிறது. சமன்படுத்தும் தொட்டியில், இரவில், சொட்டுச்சொட்டாக விட்டால் நிலையம் ஏற்கும். பக்கத்து மேன்ஹோலில் மொத்தமாகக் கொட்டினால் இரண்டு நாளைக்கு எல்லாம் கலங்கும்.

நிலையத்துக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் பத்தில் நான்கு வீடு இணைப்பு வாங்காமல் மழைநீர் வடிகாலில் விடுகிறது என்றால், அங்கிருந்து நேராக ஆற்றுக்குப் போவது நாளுக்கு 100 கிலோ பி.ஓ.டி. மீதி ஆறு வீட்டுக் கழிவைச் சுத்திகரித்த நிலையம் விடுவது 12 கிலோ. எட்டு மடங்கு குற்றம் பக்கத்து வாய்க்காலில் இருக்கும், பழி கேமராவுக்குத் தெரியும் குழாய்மேல் விழும்.

ஆகவே அளக்கும்போது எல்லா வாய்க்கால் முனையையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு 100 மீட்டர் மேலே ஓரிடம், குழாய்முனை, நன்றாகக் கலந்தபின் ஓரிடம், பிறகு 1, 3, 6 கி.மீ. தொலைவுகளில். ஆக்சிஜன் ஆகத் தாழும் இடம் குழாய்க்கு அடியில் இருக்காது. விநாடிக்கு 10 செ.மீ. நகரும் நீர் ஒரு நாளில் எட்டரை கி.மீ. போகும், பள்ளம் அந்தத் தொலைவில் எங்கோ விழும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை, காலை ஐந்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும். கரைந்த ஆக்சிஜன், பி.எச்., வெப்பம், அமோனியா, இந்த நான்கும் மலிவான சோதனைப் பெட்டிகளில் கிடைக்கும். காலையில் 2, மாலையில் 12 என்று ஆக்சிஜன் ஊசலாடினால் பாசியின் வேலை. இரு வேளையும் 2 என்றால் கழிவு நேரடியாக வந்துகொண்டிருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாலு தாள் கேளுங்கள்: இசைவாணை, ஓட்டமானிப் பதிவு, ஸ்லட்ஜ் வெளியேற்றப் பதிவு, மின்கட்டண ரசீது. கடைசியது பொய் சொல்லாது. இந்த அளவு நிலையம் முழு ஓட்டத்தில் நாளுக்கு 200 முதல் 300 யூனிட் எடுக்கும், மாதம் 6,000-க்குக் கீழே வர வழியில்லை. ரசீதில் 2,000 யூனிட் என்றிருந்தால் ஒன்று பாதிக் கழிவுநீர் நிலையத்துக்கே வரவில்லை, அல்லது புளோவர் ஓடவில்லை. ஓட்டமானியோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

தீர்வு என்று வரும்போது பலரும் படிகாரம் போட்டு பாஸ்பரஸைப் பிடிக்கலாம் என்பார்கள். முடியும். 5-லிருந்து 1-க்கு இறக்க நாளுக்கு 60 முதல் 80 கிலோ படிகாரம், அதற்கேற்பக் கூடுதல் ஸ்லட்ஜ். இருக்கும் ஸ்லட்ஜையே அள்ளாத இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிப்ரவரி முதல் ஜூன் நடுப்பகுதி வரை அந்த நீரை ஆற்றில் விடாமல் இருப்பதே மேல். நாளுக்கு 5 மி.மீ. பாசனம் என்றால் 10 லட்சம் லிட்டர் 20 ஹெக்டேருக்கு, அதாவது 50 ஏக்கர் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ காணும். அதில் தினம் 20 கிலோ நைட்ரஜன் போகிறது, ஒரு மூட்டை யூரியாவுக்கு ஏறக்குறையச் சமம். மீனைக் கொன்ற அதே சரக்கு புல்லுக்கு உரம்.

கீரை, வெள்ளரி போலப் பச்சையாகத் தின்பதற்கு இந்த நீர் ஆகாது. தென்னைக்கும் வட்டப்பாத்தியில் விடுங்கள், தெளிப்பான் வேண்டாம். மணற்பாங்கான நிலமாக இருந்தால் பக்கத்துக் கிணறுகளில் ஆண்டுக்கு இருமுறை நைட்ரேட் பார்க்க வேண்டும், 45 மி.கி.யைத் தாண்டினால் பாசன அளவைக் குறைத்துப் பரப்பைக் கூட்டுங்கள். ஜூன் 12-க்குப் பிறகு தண்ணீர் வந்ததும் குழாயை ஆற்றுக்குத் திருப்பலாம். ஆனால் முதல் தண்ணீர் மதகடிச் சேற்றையெல்லாம் கிளப்பிக்கொண்டு வரும், அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் பொறுத்துத் திருப்பச் சொல்லுங்கள்.